நூல் எங்கே போயிருக்கிறது?

மெக்சிகோவின் யுகட்டான் மாநிலத்தில், மெரிடா நகருக்குக் கிழக்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது டிஷ்கோகோப். ஹேமக் என்று நாம் சொல்லும் தொங்குபடுக்கைக்குப் பேர்போன சிற்றூர். அங்கே பட்டறையைத் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டு முற்றத்திலும் பின்கட்டிலும் தறி நிற்கிறது. நம் குழித்தறியைப் போல மிதியும் அச்சும் அதற்குக் கிடையாது. நிமிர்ந்த இரண்டு மரத்தூண்கள், அவற்றைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்கள், அவ்வளவுதான். தூண்களுக்கு இடையே நூலைச் சுற்றி ஓட்டிவிட்டு, மர ஊசியில் ஏற்றிய நூலை அதன் ஊடே விட்டுப் பின்னிக்கொண்டே போகிறார்கள். பின்னுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காட்டிலும் மலையிலும் கட்டிப் படுக்க ஒரு கேம்பிங் ஹேமக் வாங்க நினைப்பவர் எதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற கேள்வியோடுதான் அந்தத் தறிகளின் முன் நின்றேன். கடைப் பட்டியல்கள் எடை, தாங்கும் பாரம், நிறம், பை எனப் பத்துப் பன்னிரண்டு அம்சங்களை அடுக்குகின்றன. தறியைப் பார்த்த பிறகு அவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: செய்தவர் தன் நூலை எங்கே செலவழித்திருக்கிறார்?

தறியிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. இரண்டு தூண்களுக்கும் இடையிலுள்ள தூரமே படுக்கையின் நீளம். அதைக் குறுக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் நூல் மிச்சமாகும். வலைக் கண்களை இளக்கமாக விட்டுப் பின்னினால் இன்னும் மிச்சம். மடித்துக் கட்டித் தோரணமாகத் தொங்கும்போது நெருக்கப் பின்னியதும் இளக்கப் பின்னியதும் ஒன்றுபோலவே தெரியும். வண்ணத்தில் இரண்டாவது அழகாகக்கூட இருக்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் விரித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. பின்னல் பகுதியின் ஒரு முனையைத் தலை உச்சியில் வைத்துப் பிடித்தால் மறுமுனை தரையைத் தொட வேண்டும். அதற்குக் குறைந்தால் அந்த ஆளுக்கு அது ஆகாது. பிறகு, பின்னலிலிருந்து பிரிந்து வளையத்தில் போய்ச் சேரும் முனை நூல்களை எண்ணுகிறார்கள். ஒருவர் படுப்பதற்கு ஏறத்தாழ 50 இணை, இருவர் படுக்கும் பெரிய அளவுக்கு 150 இணை அளவில் என்பது பழைய கணக்கு. உடல் பகுதியில் முடிச்சே கிடையாது. ஒரு கண்ணை விரலால் இழுத்தால் பக்கத்துக் கண்கள் நெகிழ்ந்து இடம் கொடுக்கின்றன. விட்டால் திரும்பி வருகின்றன. முதுகின் மேடு பள்ளங்களை அந்த வலை ஏந்திக்கொள்வது இந்த நெகிழ்வினால்தான். முனை நூல்களின் எண்ணிக்கை கூடக்கூடப் பாரம் அத்தனை இழைகளுக்கும் பங்கிடப்பட்டு, தோளில் நூல் பதியாது.

கேம்பிங் ஹேமக் வலை இல்லை, பாராசூட்டுத் துணி போன்ற மெல்லிய நைலான் அல்லது பாலியெஸ்டர். ஆனாலும் கேள்வி மாறவில்லை. நம் வீட்டுத் தூளியை நினைத்துப் பாருங்கள்: குழந்தை அதில் வளைந்து சுருண்டு கிடக்கிறது, அதற்கு அது சுகம். வளர்ந்தவர் நீளவாக்கில் படுத்தால் முதுகு வில்லாக வளையும், முழங்கால் பின்புறம் இழுக்கும். யுகட்டானில் பொதுவாக அப்படிப் படுப்பதில்லை. மூலைவாட்டில், சில வேளை கிட்டத்தட்டக் குறுக்காகவே படுக்கிறார்கள். அப்போதுதான் உடம்பு சமமாகக் கிடக்கிறது. துணியிலும் மூலைவாட்டில்தான் படுக்க வேண்டும், அதற்கு நீளம் வேண்டும். ஆளின் உயரத்தோடு 120 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்வது அனுபவஸ்தர்களின் கணக்கு. அப்படியானால் 175 சென்டிமீட்டர் உயரக்காரருக்கு ஏறத்தாழ 3 மீட்டர் தேவை. கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல 275 சென்டிமீட்டரோடு நின்றுவிடுகின்றன. ‘டபுள்’ என்று விற்பவை அகலத்தைத்தான் கூட்டுகின்றன. அகலம் கூடினால் நீளக்குறை தீராதா என்று கேட்கலாம். வலையில் தீரும், அது பக்கவாட்டில் விரிந்துகொடுக்கும், குறுக்காகப் படுக்கலாம். நெருக்க நெய்த துணி அப்படி விரியாது. மிஞ்சிய அகலம் முகத்தின் மேல் மடிந்து விழும், கால்மாட்டில் நடுத்துணி விறைப்பாக இழுத்துக்கொண்டே நிற்கும். எனவே நீளத்தில் வெட்டிய 25 சென்டிமீட்டரை எடைக் குறைவு என்று பாராட்டி வாங்குகிறவர், தன் தூக்கத்தை விட்டுக்கொடுத்துத்தான் அந்தச் சில கிராம்களைப் பெறுகிறார்.

தாங்கும் பாரம் என்ற எண்ணை எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். அது பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லையா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்த எண் பாதிக் கதைதான். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்திருந்தால் 70 கிலோ எடையுள்ளவருக்கு ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் 70 கிலோ இழுவிசை விழும். அதே ஆள் விறைப்பாக இழுத்துக் கட்டி 10 பாகைக்குக் கொண்டுவந்தால் அது 200 கிலோவாகும். 5 பாகையில் 400. கயிறும் தையலும் அறுவதற்குத் துணியின் பலவீனம் மட்டும் காரணமில்லை, கட்டிய கோணமும் காரணமாகலாம். இதனால்தான் சில தயாரிப்பாளர்கள் இரு முனைகளையும் இணைத்து மேலே ஒரு கயிறு ஓட்டுகிறார்கள்; ஹேமக் நீளத்தில் ஏறத்தாழ 83 சதவீதம் அதன் அளவு. மரங்கள் எவ்வளவு தள்ளி நின்றாலும் தொய்வு மாறாது. இதைச் சேர்த்திருப்பவர் தன் நூலைச் சரியான இடத்தில் போட்டிருக்கிறார். மரத்தைச் சுற்றும் பட்டையும் அப்படியே. 2.5 சென்டிமீட்டராவது அகலம் வேண்டும், இல்லையென்றால் மரப்பட்டை நசுங்கும். பாலியெஸ்டராக இருக்க வேண்டும், நைலான் இரவெல்லாம் நீண்டு ஆளைத் தரையில் இறக்கிவிடும்.

யுகட்டான் வலையைக் காட்டி மலையேறுகிறவருக்குப் பாடம் சொல்வது பொருந்துமா என்று கேட்பார்கள். காட்டுக்கு அந்த வலை பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். பருத்தி நூல் கனக்கும், நனைந்தால் எளிதில் காயாது, பொத்தானிலும் முள்ளிலும் சிக்கும், கொசு கீழிருந்தே கடிக்கும். புழுக்கமான அந்தச் சமவெளியில் காற்று ஊடுருவுவதே அதன் பெருமை. மலைக்குளிரில் அதுவே கேடு. ஹேமக்கில் படுத்தால் தூக்கப்பையின் அடிப்பக்கம் உடல் எடையில் நசுங்கிக் கதகதப்பை இழந்துவிடும். கீழே காற்று ஓடிக்கொண்டே இருக்கும். எனவே அடியில் தொங்கவிடும் மெத்தையும் கொசுவலையும் மழைத்துணியும் சேர்த்துத்தான் விலையையும் எடையையும் ஒப்பிட வேண்டும். தறி தருவது பொருளை இல்லை, அளவுகோலை: எந்த ஊர், எந்த உடம்பு என்று கேட்டுவிட்டு நூலை ஓட்டும் ஒழுங்கை.

அந்த ஒழுங்குக்கு ஒரு விலை உண்டு. பல வீடுகளில் நூல் வியாபாரியுடையது, நெய்கிறவருக்குக் கிடைப்பது கூலி மட்டும். சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே நின்றபடி பின்னினால் பெரிய ஹேமக் ஒன்று முடிய வாரக்கணக்காகும். கூலியை மணிக்கணக்கில் பிரித்தால் மனம் கனக்கிறது. ஆலையில் நிமிடங்களில் தைத்துத் தள்ளும்போது எதற்கு இதெல்லாம் என்பவர்களுக்கு என் பதில்: வாங்குகிறவர் நூலை எண்ணாத சந்தையில், நெருக்கப் பின்னியவருக்கும் இளக்கப் பின்னியவருக்கும் ஒரே கூலிதான் விழும். அப்போது நல்ல கை முதலில் தோற்கும். துணி ஹேமக்கிலும் இதுவே நடக்கிறது. நீளமாக வெட்டி, முனை மடிப்பில் இரண்டு மூன்று வரி தையல் போட்டவர், பளபளக்கும் பை கொடுத்தவரிடம் தோற்றுப்போகிறார். ஒப்பிடத் தெரிந்த வாங்குபவர்தான் நெருக்கப் பின்னியவருக்கும் நீளமாக வெட்டியவருக்கும் துணை.

ஆகவே வாங்கும்முன் பையைப் பார்க்க வேண்டாம், விரித்துப் பாருங்கள். நீளத்தை அளந்து பாருங்கள். முனை மடிப்பைத் திருப்பித் தையல் வரிகளை எண்ணுங்கள். பட்டையின் அகலத்தை விரலால் பாருங்கள். இணையத்தில் வாங்கினால் இந்த அளவுகளைக் கேளுங்கள், சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். டிஷ்கோகோப்பில் வலையை விரித்துத் தலை உச்சியிலிருந்து தரைவரை பிடித்துப் பார்க்கும் அந்த ஒரு அசைவில், நெய்தவரின் உழைப்பும் படுப்பவரின் உடம்பும் ஒரே அளவில் சந்திக்கின்றன.