சூட்டின் காரணம் தேடுவோர்க்கு



விமானத்தைத் தம் கையாலேயே கட்டிப் பறக்கவிடும் மனிதர்கள் நம் பக்கத்திலும் உண்டு. தொடுபுழாவைச் சேர்ந்த சஜி தாமஸ் செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாதவர். அவர் உருவாக்கிய சிறு விமானம் 2014ஆம் ஆண்டு நம் மணிமுத்தாற்றில் பறந்தது. ஆலப்புழாவைப் பூர்வீகமாகக் கொண்ட அசோக் தாமராக்ஷன், இங்கிலாந்தில் கொரோனா ஊரடங்குக் காலத்தில் நான்கு இருக்கைகள் கொண்ட விமானமொன்றைக் கட்டி, தம் மகள் தியாவின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

அதே நாட்டில் பணிபுரியும் என் தங்கை மகனும் அவனுடைய நண்பர்கள் இருவரும் சேர்ந்து, சென்ற ஆண்டு இரண்டு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டி முடித்தனர். சோதனைப் பறப்புகளில் மேலே ஏறும்போதெல்லாம் எஞ்சின் ஆயிலின் வெப்பம் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அவர்களுடையது காற்றால் குளிரும் லைகமிங் எஞ்சின். அதில் ஆயிலின் வெப்பம் 118 டிகிரி செல்சியசைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆயில் நீர்த்துப்போகும், அழுத்தம் குறையும், பேரிங்குகள் தேயும். சாலையில் என்றால் வண்டியை ஓரங்கட்டலாம். ஆகாயத்தில் ஓரம் ஏது?

“மாமா, ஆயில் கூலரை மாட்டியவன் சரியாக மாட்டவில்லை என்று மற்றவன் சொல்கிறான். ஒரு வாரமாக இருவருக்கும் பேச்சில்லை. பெரிய கூலராக வாங்கிப் போட்டுவிடலாமா?” என்று தொலைபேசியில் கேட்டான்.

நான் நல்லூரில் முப்பது ஆண்டுகளாகப் பனியன் கம்பெனிகளின் ஜெனரேட்டர்களைப் பழுதுபார்த்து வருபவன். விமான எஞ்சினைத் தொட்டவன் அல்லன். ஆயினும் சூடேறிய எஞ்சினையும், அதைச் சுற்றி நின்று ஒருவரையொருவர் குற்றம் சாட்டும் மனிதர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே அவனுக்கு ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொன்னேன்.

2012ஆம் ஆண்டின் மின்வெட்டை நம் ஊரார் மறந்திருக்க மாட்டார்கள். பாதி நாளுக்கும் மேல் ஜெனரேட்டரை நம்பியே நிட்டிங் மெஷின்கள் ஓடின. ஒரு கம்பெனியில் ஆயில் வெப்பம் ஏறிக்கொண்டே போக, ஜெனரேட்டரைக் கவனித்துவந்த ஒடிசா இளைஞன் ஆயிலைத் திருடி விற்றுவிட்டான் என்று பேச்சு எழுந்தது. அவன் கணக்கை முடித்து அனுப்பிவிட முடிவு செய்துவிட்டார்கள். நான் முதலில் சென்சாரைக் கழற்றிக் கொதிநீரில் வைத்தேன். மீட்டர் உண்மையையே சொன்னது. அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தேன், ஆயில் குறையவில்லை. பிறகு ஒரு குச்சியில் நூல் இழையைக் கட்டி ரேடியேட்டர் முன்பு நீட்டினேன். வெளியே பறக்க வேண்டிய இழை அறைக்குள்ளேயே திரும்பிப் பறந்தது. காற்று வெளியேறும் வாயிலை அடைத்துத் துணி ரோல்களை அடுக்கியிருந்தார்கள். வெந்த காற்றையே எஞ்சின் மீண்டும் மீண்டும் வாங்கிக்கொண்டிருந்தது. ரோல்களை நகர்த்தியதும் சூடு இறங்கியது. அந்த இளைஞனின் வேலை நிலைத்தது.

இதே வரிசையில் நீங்களும் பாருங்கள் என்றேன்: முதலில் மீட்டர், பிறகு ஆயில், பிறகு வால்வு, பிறகு காற்று. செலவில்லாத சோதனை முன்னே வரட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது மருந்து என்று தெரியாமல் போகும்.

கொதிநீரில் அவர்களுடைய மீட்டர் 104 காட்டியது. நான்கு டிகிரி மிகை. ஆனால் அதைக் கழித்தாலும் உண்மைச் சூடு 114 வரை சென்றிருக்கிறது. ஆயில் அளவு சரியாக இருந்தது. அடுத்தது வெப்ப வால்வு. ஆயில் குளிர்ந்திருக்கும்போது அது கூலரைச் சுற்றிக்கொண்டு போகக் குறுக்குவழி விடும்; ஏறத்தாழ 85 டிகிரியில் நீண்டு அவ்வழியை அடைத்து, ஆயில் முழுவதையும் கூலருக்குள் அனுப்பும். சுடுநீரில் இட்டபோது அது ஒழுங்காகவே நீண்டது.

எஞ்சியது காற்று. இத்தகைய விமானத்தில் மூக்கின் வழியே நுழையும் காற்று எஞ்சினுக்கு மேலே நிறைந்து, சிலிண்டர்களின் இடுக்குகள் வழியாகவும் கூலர் வழியாகவும் கீழே இறங்க வேண்டும். தகடுகளும் அவற்றின் ஓரத்து ரப்பர் பட்டைகளும் அதனை வேறு வழியில் கசியவிடாமல் தடுக்கின்றன. இரவில் கொட்டகை விளக்குகளை அணைத்து, எஞ்சினுக்குக் கீழே ஒரு விளக்கை வைத்து, முன்வாய் வழியாகப் பார்க்கச் சொன்னேன். கூலருக்குப் பக்கத்தில் ரப்பர் பட்டை மடங்கிக் கிடந்த இடத்தில் விரல் அகலத்திற்கு ஒளி தெரிந்தது. கூலருக்குச் சேர வேண்டிய காற்று அந்த இடைவெளியில் ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாக மேலேறும்போது நுழையும் காற்றே குறைவு. அதிலும் கசிவு என்றால் எஞ்சின் எப்படித் தாங்கும்?

பெரிய கூலர் வாங்கியிருந்தால் பணம் போயிருக்கும். கசிவு அப்படியே இருந்திருக்கும். குளிர்காலத்திலோ ஆயில் போதிய அளவு சூடாகாமல், அதில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கி, உள்ளே துருவேற்றியிருக்கும்.

“அந்த ரப்பரை ஒட்டியவன் நான்தான் மாமா” என்றான் என் தங்கை மகன். அன்றிரவே இரு நண்பர்களையும் அழைத்து அதைச் சொல்லியிருக்கிறான். பட்டையை மாற்றிய பின் ஏறும்போது வெப்பம் 100 டிகிரியை ஒட்டி நிற்கிறது. மூவரும் மீண்டும் ஒன்றாக உணவருந்துகிறார்கள்.

சூடு ஏறும்போது, நம் கண்முன் நிற்கும் மனிதன்மேல் பழி போடுவது எளிது. ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று சூரா ஹுஜுராத் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம் பட்டறைக்கும் பொருந்தும். மீட்டர் சொல்வதும் ஒரு செய்திதான். அதைப் புறந்தள்ளினால் உயிர் போகலாம். விசாரிக்காமல் தீர்ப்பளித்தால் ஒருவனுடைய பிழைப்போ நட்போ போகலாம். கம்பெனி நடத்தும் சகோதரர்கள் ஒருவனை வேலையைவிட்டு அனுப்புமுன், ஒரு பாத்திரம் கொதிநீரும் ஒரு நூல் இழையும் எடுத்துக்கொண்டு எஞ்சினருகே சென்று வாருங்கள். அல்லாஹ் நம் கைகளுக்கு நிதானத்தையும் நாவுகளுக்கு நீதியையும் தந்தருள்வானாக.