தலைப்பில் விட்ட பிழை

2011 ஆம் ஆண்டு. சிங்கப்பூரில் நடைபெற்ற உலக வலைப்பந்தாட்டத் தொடரில், சிறந்த கோல் போடும் வீராங்கனையாக யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் தெரிவான செய்தி இரவு மேசைக்கு வந்து சேர்ந்தது. பக்கத்தை மூட அரை மணித்தியாலமே இருந்தது. அவசரத்தில் ஒரு தலைப்பிட்டேன். 'உலகின் மிக உயரமான வலைப்பந்தாட்ட வீராங்கனை.' 208 சென்ரிமீற்றர் என்று உபதலைப்பும் கொடுத்தேன். உயரம் இருந்தது, ஆட்டம் இல்லை. மறுநாள் எவரும் குறை சொல்லவில்லை. எல்லாப் பத்திரிகைகளும் அதையே எழுதியிருந்தன.

நம்மூர்ப் பெண்கள் பாடசாலைகளில் வலைப்பந்தாட்டம் ஆடாத மைதானம் அரிது. கூடைப்பந்தாட்டத்தின் வயிற்றிற் பிறந்த விளையாட்டு இது. வளையம் இரண்டுக்கும் ஒரே உயரம், 3.05 மீற்றர். ஆனால் இங்கே வளையத்தின் பின்னால் பலகை கிடையாது; மோதித் திரும்பி விழும் பந்துக்கு இடமில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் முடியாது. மூன்று விநாடிக்குள் கையை விட்டுப் போகவேண்டும். எழுவரில் இருவர் மட்டுமே கோல் போடலாம். எட்டாத உயரத்தில் பந்தை வாங்குவது தர்ஜினியின் உடல் தந்த வசதி என்பது உண்மையே. வாங்கிய பந்தை, எதிரணிக் காவலர் முன்னே கையுயர்த்தி நிற்க, ஆட்டத்துக்கு ஐம்பது அறுபது முறை பிசகாமல் இடுவது உடல் தருவதன்று. அது கையின் படிப்பு.

அவர் பிறந்த புன்னாலைக்கட்டுவன், வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களிடையே உள்ள ஊர். 1979 இல் பிறந்தவர். அவர் சிறுமியாக இருந்தபோதே போர் வாசலுக்கு வந்துவிட்டது. 1995 இல் வலிகாமமே பெயர்ந்து நடந்தது. அந்த மண்ணில் ஒரு பெண்பிள்ளை அளவுக்கு மீறி வளர்ந்தால் என்ன பேசுவார்கள் என்பதை நான் வீட்டிலேயே கேட்டவன். கோப்பாயில் இருந்த என் பெரியம்மாவின் மகள் நல்ல உயரம். 'பனை' என்றார்கள். மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்றார்கள். பதினைந்து வயதில் அக்கா தோள்களைக் குறுக்கி நடக்கப் பழகினார். பாடசாலை அணியிலிருந்தும் தானாகவே விலகினார். அந்தக் கூன் பிறகு நிமிரவேயில்லை.

தர்ஜினியின் கணக்கைப் பாருங்கள். போர் முடிந்த 2009 இலேயே ஆசியக் கிண்ணம். மெல்பேர்ணில் சிற்றி வெஸ்ற் ஃபல்கன்ஸ் கழகத்துக்காக ஆடியமை. 2018 இல் சிங்கப்பூரில் மீண்டும் ஆசியக் கிண்ணம். 2019 இல் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அனைவரிலும் அதிக கோல்கள், அதுவும் அடிமட்டத்தில் முடித்த ஓர் அணிக்காக! நாற்பதில் பலர் பயிற்றுநராகிவிடுவார்கள். இவர் 43 வயதில், 2022 செப்ரெம்பர் 11 அன்று, சிங்கப்பூரை 63-53 என வென்று இலங்கை ஆறாவது முறையாக ஆசியக் கிண்ணத்தைத் தூக்கியபோதும் வளையத்தின் கீழேதான் நின்றார்.

அதே நாள் இரவு டுபாயில் கிரிக்கெட் ஆசியக் கிண்ணத்தையும் இலங்கை வென்றது. எந்தக் கிண்ணம் முதற்பக்கத்தைப் பிடித்தது என்று நான் எழுதவேண்டியதில்லை. நானும் மேசையில் இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேனோ, என்னவோ.

அந்த வாரம் ரொறன்ரோவிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்தார். இப்போது எழுபதைத் தாண்டியவர். பேரப்பிள்ளை கணினியில் அந்த இறுதியாட்டத்தைப் போட்டுக் காட்டியதாம். கோல் எண்ணிக்கையைச் சொல்லத் தொடங்கினேன், இடைமறித்தார்.

"அது கிடக்கட்டும் தம்பி. நீ அந்தப் பிள்ளையை நேரிலை பாத்தனியே? நடக்கேக்கையும் இப்பிடி நிமிர்ந்துதான் நடக்குமோ?"

நேரில் பார்த்ததில்லை என்றேன்.

"பேப்பரிலை இருந்து என்னத்தைக் கிழிச்சனி?" என்றார்.