அசையாக் கல்

சேரப்பணஞ்சேரி, ஒரகடத்தை அடுத்துள்ள சிற்றூர். தொழிற்சாலைகள் மலிந்த அப்பகுதியில் வாழ்ந்த பெற்றோர் இருவர், தம் மக்களுக்கு இல்லத்திலேயே கல்வி புகட்டி வந்தனர். "பள்ளி காணாத பிள்ளைகள் எதனை அறிவர்?" எனச் சுற்றத்தார் இடித்துரைத்தனர். அச்சொல் தாயின் உள்ளத்தை வாட்டியது.

ஒருநாள் அக்குடும்பத்தினர் மாமல்லபுரம் சென்றனர். ஆங்கே சரிந்த பாறையின்மேல், 'கண்ணனின் வெண்ணெய் உருண்டை' என வழங்கும் பெருங்கல், உருண்டுவிடுவது போல நிற்கின்றது. அதன் உயரம் ஏறத்தாழ 6 மீட்டர். எடை 250 டன் என மதிப்பிடுவர். 1908-இல் சென்னை ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைப் பூட்டி இழுப்பித்தும் அஃது அசையவில்லை என்பர்.

"அப்பா, இதனை இங்கு உருட்டி வந்தவர் யார்?" என்றான் மகன்.

தந்தை உடனே விடை பகரவில்லை. "சுற்றிலும் உற்று நோக்குங்கள்" என்றார்.

இளைய மகள் இரு பாறைகளையும் தடவிப் பார்த்தாள். "அண்ணா, கீழே உள்ளதும் இதே கல்தான்!" என்றாள்.

தந்தை மகிழ்ந்தார். "ஆம். கருங்கல்லின் வெடிப்புகளில் நீர் புகுந்தது. மூலைகள் விரைந்து சிதைந்தன. நடுப்பகுதி உருண்டையாக எஞ்சியது. கல் எங்கிருந்தும் வரவில்லை; அதனைச் சூழ்ந்திருந்தவையே பன்னெடுங்காலத்தில் கரைந்து போயின" என்றார்.

தாயின் முகம் தெளிந்தது. மகளின் சிறு கையே சுற்றத்தாருக்கு மறுமொழி கூறிவிட்டதன்றோ?

மாணவர்களே! பள்ளியாயினும் இல்லமாயினும், உற்று நோக்கி வினவுவார்க்கே கல்வி கைகூடும்.