அப்பா ஓட்டிய ஜீப்பும் அறுபது குதிரைகளும்



நிரவியில் தம்பி வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பச்சை ஜீப்பைப் பற்றி இந்த மாதத்தில் மட்டும் நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். "வித்தாச்சா டீச்சர்?" என்று ஒருவர். "டீசல் இன்ஜின் மாத்துறீங்களாமே?" என்று இன்னொருவர். தனித்தனியாகப் பதில் போடுவதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். வகுப்பு எடுத்தே பழகிய வாய், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வில்லிஸ் சிஜே-3ஏ. மகிந்திரா கம்பெனி 1947 முதல் பம்பாயில் உதிரிகளாக இறக்கிப் பூட்டி விற்ற ஜீப்புகளின் வரிசையில் வந்தது. அப்பா ஒரு அரிசி மில்லில் டிரைவர். முதலாளி அம்பாசடர் வாங்கியபோது, பாக்கிச் சம்பளத்துக்கு ஈடாக இந்த ஜீப்பை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் சொத்து அதுதான். விதை நெல்லும் ஏற்றியிருக்கிறது, பிரசவத்துக்கு அவசரமாக ஆளையும் ஏற்றியிருக்கிறது. இதைப் படிக்கும் உறவுகளில் இரண்டு பேர் அப்படி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த பிறகு பிறந்தவர்கள்.

அப்பா போன பிறகு வண்டி இளைத்துவிட்டது. ஆற்றுப் பாலத்தில் ஏறவே முக்கும். தம்பி, "எடைக்குப் போட்டுடலாம்க்கா" என்றான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவன் மகனுக்கு மனசில்லை. யூடியூபில் பார்த்துவிட்டு வந்தான். "அத்தை, அமெரிக்காவுல பழைய ஃபோர்டு பிளாட்ஹெட் இன்ஜினையே எடுத்து டபுள் பவர் ஆக்குறாங்க. நாம 60-ஐ 90 ஆக்கலாம். முடியலன்னா டீசல் இன்ஜினை இறக்கிடலாம்." இரண்டில் எது நடந்தாலும் அப்பாவின் இன்ஜின் போய்விடும். அதனால் நான் குறுக்கே விழுந்தேன்.

எட்டாம் வகுப்பில் நான் கரும்பலகையில் வரைந்த நான்கு வீச்சு எந்திரம் நினைவிருக்கிறதா? அதில் வால்வுகள் உருளையின் தலைக்கு மேலே இருக்கும். இந்த ஜீப்பில் அப்படி இல்லை. உள்ளே இழுக்கும் வால்வு, வெளியே தள்ளும் வால்வு இரண்டும் உருளைக்குப் பக்கத்தில், பிளாக்குக்குள்ளேயே நிற்கும். மேலே ஹெட் என்று இருப்பது இட்லிக் குண்டான் மூடி மாதிரி ஒரு தட்டை இரும்புதான். அதனால்தான் அதற்குப் பிளாட்ஹெட் என்று பேர். நம் பக்கத்து மெக்கானிக்குகள் சைடு வால்வு என்பார்கள்.

செய்ய எளிது, பழுது பார்க்க எளிது. கஷ்டம் மூச்சு விடுவதில். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை வால்வைத் தாண்டி மேலே வந்து, மூடிக்கு அடியில் பக்கவாட்டில் திரும்பி, பிறகு உருளைக்குள் இறங்க வேண்டும். எரிந்த புகை அதே வழியாகத் திரும்பி வர வேண்டும். வாய்க்கால் மதகில் தண்ணீர் இரண்டு முறை மடங்கி ஓடினால் வேகம் என்ன ஆகும்? அதே கதைதான்.

"ஹெட்டைச் சீவினால் பவர் ஏறும்" என்று மருமகன் சொன்னது பொய்யில்லை. மூடியைச் சீவினால் எரியும் அறை சுருங்கும், கலவை இன்னும் இறுக்கமாக நசுங்கும், அதே பெட்ரோலில் கூடுதல் வேலை கிடைக்கும். ஆனால் பிளாட்ஹெட்டில் அந்த அறைதான் காற்று போகும் வழியும். சீவச் சீவ மதகுப் பலகை கீழே இறங்குகிறது. நசுக்குவதில் கிடைக்கும் லாபத்தை மூச்சுத் திணறல் தின்றுவிடும்.

நோட்டை எடுத்து மருமகனையே கணக்குப் போடச் சொன்னேன். இந்த இன்ஜின் 2,199 சிசி, அழுத்த விகிதம் 6.48. அதை 7 ஆக்கினால், ஏட்டுக் கணக்குப்படி திறன் கூடுவது 3 சதவீதத்துக்கும் கீழே. 8 ஆக்கினாலும் 7 சதவீதத்தை ஒட்டித்தான். 60 குதிரை 64 ஆகும். 90 எங்கே, 64 எங்கே! அதுவும் மூச்சு குறையாவிட்டால்தான்.

அமெரிக்கப் பையன்கள் செய்தது வேறு. 1932-ல் வந்த ஃபோர்டு வி8 முதலில் 65 குதிரைத்திறன்தான். அவர்கள் கேம் தண்டு, கார்ப்பரேட்டர், ஹெட், காற்றுப் பாதை என எல்லாவற்றையும் மாற்றி, அதிக சுற்றில் ஓட்டிப் பந்தயம் விட்டார்கள். பின்னாளில் கார்வெட் காருக்குப் பேர் வாங்கித் தந்த ஸோரா ஆர்கஸ்-டன்டோவ், 1940-களின் கடைசியில் அந்த ஃபோர்டுக்கு ஆர்டன் என்று ஒரு ஹெட் செய்தார். அதில் வால்வுகள் மேலே போய்விட்டன. அதாவது, பெரிய திறன் வேண்டுமென்றபோது பிளாட்ஹெட்டையே கழற்றி வைத்துவிட்டார்கள்!

பிளாட்ஹெட்டாகவே வைத்துக்கொண்டு திறனைக் கூட்டியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ 1919-ல் எரியும் அறையின் உருவத்தை மாற்றினார். பிஸ்டனுக்கு மேலே மூடி தொட்டும் தொடாமலும் இருக்கும், அறை வால்வுப் பக்கம் ஒதுங்கும். பிஸ்டன் மேலே வரும்போது கலவை பக்கவாட்டில் பீச்சியடித்துச் சுழலும். சுழன்றால் வேகமாக எரியும்.

இன்னொன்று நம் ஜீப்பின் சொந்தக் கதை. வில்லிஸ் கம்பெனியின் இந்த இன்ஜின் முதலில் 48 குதிரைத்திறன்தான். முழு வேகத்தில் நெடுநேரம் தாங்காது. பார்னி ரூஸ் என்ற பொறியாளர் வந்து அதை 60 ஆக்கினார். மாயம் ஒன்றும் இல்லை. உதிரிகளுக்கு இடையே உள்ள இடைவெளியை இன்னும் துல்லியமாக்கினார், நல்ல உலோகம் போட்டார், அலுமினிய பிஸ்டன் வைத்தார், ஃபிளைவீல் எடையைக் குறைத்தார். இரண்டாம் உலகப் போர் முழுக்க ஓடியது அந்த 60 குதிரைதான். பிறகு அதே பிளாக்கில் உள்ளிழுக்கும் வால்வை மட்டும் மேலே ஏற்றினார்கள், 70-ஐத் தாண்டியது. ஹெட் உயர்ந்ததால் பானட்டையும் உயர்த்த வேண்டி வந்தது. நம் ஊரில் ஓடிய உயரமான பானட் ஜீப்புகள் அவைதான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மருமகனிடம் கேட்டேன்: "அந்த 60-ல இப்ப எத்தனை குதிரை உசிரோட இருக்குன்னு பாத்தியாடா?"

கோட்டுச்சேரி பக்கம் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் வந்தான். (எந்த வருடம் என்று சொன்னால் கூடப் படித்தவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். கணக்கில் சுமார், கைவேலையில் முதல்.) பிளக்கைக் கழற்றி அழுத்தம் பார்த்தான். மூன்று உருளைகள் 100, 105 காட்டின. மூன்றாவது உருளை 60. "டீச்சர், ஒரு குதிரை நொண்டி. மத்த மூணும் அதையும் சேத்து இழுக்குது" என்றான்.

ஹெட்டைத் திறந்தால் அந்த உருளையின் புகை வால்வு ஓரம் கருகியிருந்தது. சைடு வால்வில் புகைப் பாதை பிளாக்குக்குள்ளேயே போவதால் சூடு முழுவதும் பிளாக்கில்தான் இறங்கும். அதைத் தணிக்க வேண்டிய தண்ணீர்ப் பாதையில் நம் கடலோர உப்புத் தண்ணீரின் புண்ணியத்தில் ஒரு கொட்டாங்கச்சி நிறையத் துருவும் உப்புக் காரையும் வந்தன. இனிமேல் மழைத் தண்ணீரும் கூலண்டும் தவிர வேறெதுவும் ரேடியேட்டரில் ஊற்றக் கூடாது என்று தம்பியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

புகை வால்வுகள் புதிது, அவற்றுக்குக் கடினமான இருக்கை வளையங்கள் புதிது. 2000-க்குப் பிறகு நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது. வால்வு வந்து அடிக்கும் இடத்துக்கு அந்த ஈயம் மெத்தை மாதிரி இருந்தது. இப்போது மெத்தை இல்லாததால் இருக்கை கெட்டியாக இருக்க வேண்டும். ரிங்குகள் மாற்றினோம். டேப்பட் இடைவெளி, பிளாட்டினம் பாயிண்ட், தீப்பொறி நேரம் எல்லாம் புத்தகப்படி. சைலன்சர் உள்ளே இடிந்து பாதி அடைத்திருந்தது.

பெட்ரோல் விஷயம் பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இந்தக் கலப்புக்குச் சுமார் 13.5 போதும். பழைய ஜெட்டையே விட்டால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் காய்ந்து ஓடும், வால்வு மறுபடி கருகும். ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினான். பெட்ரோல் பம்பின் பழைய ரப்பர் எத்தனாலில் ஊறிப் போகும், அதையும் மாற்றினான்.

மூடி எப்படியும் லேசாக வளைந்திருந்தது. அதை நேராக்கும் சாக்கில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிச் சீவினோம், விகிதம் 7-ஐத் தொடும் அளவுக்கு. எழுபதை ஒட்டிய ஆக்டேன் பெட்ரோலுக்குச் செய்த இன்ஜின் இது. இன்றைய பெட்ரோலுக்கு 7 ஒரு பொருட்டே இல்லை. வால்வு மூடியில் இடிக்கிறதா என்று பார்க்கப் பேத்தியின் களிமண் டப்பாவைக் கொடுத்தேன். வால்வு மேல் களிமண் வைத்து, மூடியைப் பூட்டிச் சுற்றி, கழற்றி, நசுங்கிய கனத்தை அளப்பது. இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

திறன் எவ்வளவு கூடியது? டைனோ மீட்டருக்கு எங்கே போக? விளையாட்டு விழா ஸ்டாப் வாட்ச் வீட்டில் இருந்தது. திருநள்ளாறு சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்கு, செல்போன் காட்டும் வேகத்தை வைத்து, மூன்றாவது கியரில் 20-லிருந்து 60 கிலோமீட்டருக்குப் போக எத்தனை வினாடி என்று பார்த்தோம். வேலைக்கு முன் 15, வேலைக்குப் பின் 10. ஆளோடு வண்டி 1,150 கிலோ என்று வைத்து இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால், முடுக்கத்துக்கு மட்டும் போன சராசரி திறன் 13 குதிரையிலிருந்து 19 ஆகியிருக்கிறது. காற்றும் டயரும் தின்றது தனி. மூடியைச் சீவியதன் பங்கு என் கை நடுக்கத்தின் அளவுக்குள் இருக்கும். மிச்சம் முழுக்க ஏற்கனவே அங்கே இருந்து தொலைந்துபோன குதிரைகள்.

மருமகன் விடவில்லை. "அப்பவும் 60 தானே அத்தை?" 60 என்பது 4,000 சுற்றில். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் இந்த இன்ஜின் 2,000 சுற்றை ஒட்டித்தான் சுற்றும், அங்கே இருப்பது சுமார் 40 குதிரை. நம் ஊரில் மலையா இருக்கிறது? ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தியே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நமக்குக் கடல் மட்டத்துக் காற்று முழுசாகக் கிடைக்கிறது. சேற்றில் மாட்டினால் வேண்டியது குறைந்த சுற்றில் முறுக்குவிசை. அது இந்த நீள வீச்சு இன்ஜினுக்குப் பிறவிக் குணம்.

டீசல் பேச்சை முடித்தது ஒரு சட்ட விஷயம். 2021-ல் வந்த விதிப்படி, ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டியைத் தொன்மை வாகனமாகப் பதியலாம். 20,000 ரூபாய் கட்டணம். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டவும் முடியாது, கண்காட்சி, ஊர்வலம் என்றுதான். அதனால் பதிவதா, இப்படியே ஓட்டுவதா என்று தம்பியும் மகனும் இன்னும் பேசி முடிக்கவில்லை. எடைக்குப் போடும் பேச்சு மட்டும் இப்போது வீட்டில் இல்லை.

ஒரு உதவி. இந்த இன்ஜினின் கார்ட்டர் கார்ப்பரேட்டர் ஒன்று, உடைந்ததாக இருந்தாலும், யாரிடமாவது கிடந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். எங்களிடம் இருப்பதில் த்ராட்டில் தண்டு தேய்ந்து காற்று இழுக்கிறது. பட்டறைக்காரன் புஷ் போட்டுத் தருகிறேன் என்கிறான். பொங்கலுக்குள் செய்துவிட வேண்டும்.