கணவர், தந்தை, தாத்தா

நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் நாளிதழைக் கையில் எடுத்ததும் முதலில் தேடுவது நினைவாஞ்சலிப் பக்கத்தைத்தான். தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தலைப்புச் செய்திக்கே வருவார்கள். அந்தப் பக்கத்தில் வாசகம் பெரும்பாலும் ஒன்றுதான். பாசமிகு கணவர், அன்புத் தந்தை, அருமைத் தாத்தா. கிறிஸ்தவக் குடும்பமென்றால் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற வரியும் சேரும். ஒரு படம், இரண்டு தேதிகள், மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். ஓர் ஆயுட்காலம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

கிள்ளானில் வாழ்ந்து மறைந்த என் தாத்தாவின் முதலாம் ஆண்டு நினைவாஞ்சலிக்கு வாசகம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. “வானொலியில அவ்வளவு பேசுற, இதையும் நீயே எழுது” என்றார் அம்மா. அந்த மூன்று சொற்களைத் தாண்டி என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்த மூன்று சொற்களையே முழுமையாக வாழ்ந்து காட்டிய ஒருவர் நினைவுக்கு வந்தார். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர்.

ஆகஸ்ட் 31 நமக்கு மெர்டேகா நாள். வானொலியில் அன்று நாட்டுப்பற்றுப் பாடல்கள்தான். அதே ஆகஸ்ட் 31-இல்தான், 1919-ஆம் ஆண்டு, பண்டிதர் தம் அறுபதாவது வயதில் காலமானார். தமிழிசை ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய ‘கருணாமிர்த சாகரம்’ நூலைக் குறிப்பிடாமல் நகர மாட்டார்கள். 1917-இல் வெளிவந்த அந்த நூல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். ஆனால் என்னைக் கவர்ந்தது நூலின் கனம் அல்ல. அதைச் சுற்றி இருந்த குடும்பம்.

1859-இல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர் அவர். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். சுருளிமலையில் கருணானந்தர் என்ற துறவியிடம் மூலிகை மருத்துவம் கற்றார். ஞானவடிவு பொன்னம்மாளைத் திருமணம் செய்துகொண்டு 1883-இல் தஞ்சாவூருக்கு வந்தார். இருவருக்கும் ஒரே பெண்கள் பள்ளியில் வேலை. அவர் தமிழாசிரியர். மனைவியோ தலைமையாசிரியர்!

இன்றைக்கும் மனைவிக்குப் பெரிய பதவி கிடைத்தால் சில வீடுகளில் முகம் சுருங்குகிறது. நூற்றி நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்தத் தம்பதி காலையில் ஒரே பள்ளிக்குப் போனார்கள். 1890-இல் இருவருமே வேலையை விட்டுவிட்டு மருத்துவத்தில் முழுமூச்சாக இறங்கினார்கள். தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகைகளைப் பயிரிட்டார்கள். மருந்து விற்பனை பெருகியது, வருமானமும் வந்தது. பிற்பாடு நடந்த இசை ஆராய்ச்சிக்கெல்லாம் அந்த வருமானம்தான் அடித்தளம். ‘கணவர்’ என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் கூட்டாளி என்று அர்த்தம்.

தோட்டத்துக்கு அவர் வைத்த பெயர் கருணானந்தபுரம். தமக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்த இந்துத் துறவியின் பெயர் அது. கிறிஸ்துவின் மேல் உறுதியான விசுவாசம் கொண்டவர், குருவுக்கான நன்றியை மறைக்கவில்லை. நூலின் பெயரிலும் அதே ‘கருணா’ ஒலிக்கிறது. கோயில் மணியும் தேவாலய ஆராதனையும் ஒரே வட்டாரத்தில் கேட்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் நடமாடுகிற நமக்கு இதைப் புரிந்துகொள்வது சிரமமே இல்லை.

அவருடைய பக்தியும் ஞாயிறு ஆராதனையோடு முடிந்துவிடவில்லை. கர்நாடக இசை கற்கத் தொடங்கும் பிள்ளைகள் பெரும்பாலும் தெலுங்குப் பாடல்களையே மனப்பாடம் செய்த காலம் அது. கீதம், சுரஜதி, கீர்த்தனை என்று பயிற்சிப் பாடல்களைத் தமிழில், கிறிஸ்தவப் பொருளில் இயற்றினார். 1907-இல் அவை ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்ற நூலாயின. நம் தமிழ்த் தேவாலயங்களில் இன்றும் கையில் எடுக்கும் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் குறித்திருக்கும். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் ஜெபமும் ராகமும் எவ்வளவு காலமாகச் சேர்ந்தே இருந்திருக்கின்றன என்பதற்கு அந்த ஒற்றை வரி போதும்.

1911-இல் ஞானவடிவு அம்மாள் காலமானார். பின்னர் பாக்கியம்மாள் அவருக்கு வாழ்க்கைத் துணையானார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்துவான்களைத் தஞ்சாவூருக்கு வரவழைத்து, தம் கைக்காசைச் செலவழித்து மாநாடுகள் நடத்தினார். கீழ் ‘ச’வுக்கும் மேல் ‘ச’வுக்கும் இடையே 22 சுருதிகள் என்பது பழைய இசை நூல்கள் வழி வந்த கணக்கு. சிலப்பதிகாரத்தை ஆதாரமாகக் கொண்டு, 24 என்று அவர் வாதிட்டார். அந்தக் கணக்கை இன்றும் எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் தமிழிசைக்கு இலக்கணமும் வரலாறும் உண்டு என்று அவர் திறந்த வாசல் மூடவே இல்லை.

1916 மார்ச்சில் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியது. பண்டிதர் அங்கே தம் கருத்தை எடுத்துவைத்தார். அதைப் பாடியும் வீணையில் வாசித்தும் நிரூபிக்க அவர் அழைத்துப் போனது பெரிய வித்துவான்களை அல்ல. தம் மகள்கள் மரகதவல்லியையும் கனகவல்லியையும்தான். குடும்பப் பெண்கள் பொது மேடையில் பாடுவதே அரிதாக இருந்த காலம். நாட்டின் தலைசிறந்த இசை அறிஞர்கள் அமர்ந்திருந்த சபையில், தம் வாழ்நாள் ஆராய்ச்சி நிற்குமா விழுமா என்பதை ஒரு தகப்பன் மகள்களின் குரலில் ஒப்படைத்தார். பிள்ளைகள் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று நாம் எல்லாருமே சொல்கிறோம். நம் பெயரே பணயமாக இருக்கும் இடத்தில் அவர்களை முன்னால் நிறுத்துகிறோமா?

அவர் மறைந்தபோது கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் பாகம் அச்சேறவில்லை. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1946-இல், அதை வெளிக்கொண்டு வந்தவர் அதே மரகதவல்லி. மகன் வரகுணபாண்டியன் பழந்தமிழர் யாழைப் பற்றி ஆராய்ந்து ‘பாணர் கைவழி’ எழுதினார். பேரன் தனபாண்டியன் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியரானார். தாத்தா விட்டுப்போன தோட்டத்தைப் பங்கு பிரித்துக்கொள்ளலாம். அவர் விட்டுப்போன கேள்வியைப் பங்கு பிரிக்க முடியாது. அதை யாராவது தூக்கிச் சுமக்க வேண்டும். அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சுமந்தது.

நம் தாத்தாக்கள் யாரும் ஆயிரம் பக்க நூல் எழுதவில்லை. என் தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மாலையில் குடும்ப ஜெபத்துக்கு எல்லாரையும் உட்கார வைத்து, ஒரு கீர்த்தனையை முதல் ஆளாக எடுத்துக்கொடுப்பார். பாட்டி அடுத்த அடியைப் பிடிப்பார். அம்மா தாளம் போடுவார். நாங்கள் பேரப்பிள்ளைகள் எப்போது சாப்பாடு என்று காத்திருப்போம். அது வெறும் ஜெப நேரம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். தாம் சேர்த்து வைத்ததை அவர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எங்களிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார் என்பது பண்டிதரின் வீட்டைப் படித்த பிறகுதான் விளங்கியது.

குரலை வைத்துப் பிழைப்பவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். நம்மிடம் பெரியவர்களின் படம் நிறைய இருக்கும். குரல் பெரும்பாலும் இருக்காது. இந்த வாரம் உங்கள் வீட்டுத் தாத்தாவிடம் கைப்பேசியை நீட்டுங்கள். தேவாரமோ, கீர்த்தனையோ, தோட்டத்தில் கற்ற நாட்டுப்பாட்டோ, எது வருகிறதோ அதைப் பாடச் சொல்லுங்கள். இருமல் வந்தால் வரட்டும், நிறுத்தாதீர்கள். பதிவானதும் சேமித்து வைத்துவிடுவதோடு விடாமல், அடுத்த முறை அந்தப் பாட்டை வீட்டுப் பிள்ளை ஒன்று அவர் முன்னாலேயே பாடட்டும். தப்பாகப் பாடினால் திருத்துவதற்கு அவர் இருக்கிறார்.