உறங்கும் அணிலும் விரியும் காளானும்

சான்பிரான்சிஸ்கோ நகருக்குக் கிழக்கே நிற்கும் டயாப்லோ மலை 3,849 அடி உயரமுடையது. அதன் அயலிலே எமது தமையனார் குடியிருக்கின்றார். சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் அவர் வீட்டின் பின்னுள்ள குன்றிலே ஒருநாட் காலை நடந்தோம். அந்நாட்டில் மழை பெய்வது குளிர்காலத்தில். கோடையில் துளி விழுவதும் அரிது. புல்லெல்லாம் வைக்கோல் நிறமாய்க் கிடந்தது. யாழ்ப்பாணத்து வெயிலிற் பழகிய எமக்கே கண் கூசிற்று.

ஓக் மரங்களின் கீழே எங்கும் வளைகள். அவை கலிபோர்னியத் தரையணிலின் இல்லங்கள். நம்மூர் அணிலின் முதுகிலுள்ள கோடுகள் இதற்கில்லை; கபில நிறத்தில் வெண்புள்ளிகளே உண்டு. பாம்பு கழற்றிய சட்டையை மென்று தன் உரோமத்திற் பூசிக்கொள்ளும் சூழ்ச்சிக்காரப் பிராணி இது! அன்று இளங்குட்டிகள் சிலவே ஓடித்திரிந்தன. முதியவை பல கோடைக்கஞ்சி வளைக்குள் உறங்கிவிடுமாம். அப்போது உடல் குளிர்ந்து, மூச்சும் நாடியும் தளர்ந்திருக்கும். காண்பவர் செத்ததென்றே கொள்வர்.

அங்கேதான் தமையனாரின் மகள் சாம்பல் நிற உருண்டையொன்றைக் கண்டெடுத்தாள்.

“சித்தப்பா, இதற்கு உயிர் இருக்கிறதா?”

“இல்லை, பிள்ளை. காய்ந்து செத்த காளான்” என்றோம், வகுப்பறைக் குரலில்.

வீடு திரும்பியதும் அவள் அதனைத் தண்ணீர்க் கோப்பையில் இட்டாள். நாம் தேநீர் அருந்திப் பத்திரிகை பார்த்து முடிவதற்குள், மூடிய விரல்கள் பிரிவதுபோல அதன் இதழ்கள் விரிந்தன. நடுவே ஒரு பையுடன் நட்சத்திரமே கிடந்தது!

“செத்தது எப்படி அசையும்?” என்றாள்.

பூமி நட்சத்திரம் எனப்படும் இக்காளானுக்குப் பெர்சூன் என்னும் அறிஞர் 1801ஆம் ஆண்டில் ‘ஈரத்தை அளப்பது’ என்ற பொருளிற் பெயரிட்டார். இதழின் உட்படை நீரை உறிஞ்சிப் பருக்கும்போது இதழ் வெளிப்புறம் வளையும். உலர்ந்தாற் பையை மீண்டும் மூடும். விரிந்த பையின்மேல் மழைத்துளி விழ, வித்திகள் புகைபோலப் பறக்கும். இவ்வசைவுக்கு உயிர் வேண்டுவதில்லை. இறந்த இதழுக்கும் இயலும். உயிருள்ள இழைகள் மண்ணுக்குள் ஓக் வேர்களைப் பற்றியிருப்பன.

ஆகவே எமது விடையிற் பிழையில்லை. ஆயினும் ‘அசைவது உயிருள்ளது’ என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிவந்தவர் நாமே. அவ்விலக்கணப்படி காளானே உயிருள்ளது. வளைக்குள் உறங்கும் அணில் பிணம்! அதனை அவளிடம் ஒப்புக்கொள்ளச் சற்று நாணமாகவே இருந்தது.

மறுநாட் காலை யன்னலோரத்தில் உருண்டை மூடிக் கிடந்தது. அவள் மீண்டும் கோப்பையைத் தேடிக்கொண்டிருந்தாள்.