ஆனைமலை டு உக்கடம்... கடிகாரப் பாகம் தேடி ஒரு சந்தைப் பயணம்!

ஆனைமலை, கோட்டூர், வேட்டைக்காரன்புதூர்... தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் இந்த ஊர்களில் வாட்ச் ரிப்பேர் கடை என்றால், பெரும்பாலும் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மேஜை விளக்கு, ஒரு ஸ்டூல். அவ்வளவுதான். வருமானம் வருவது பட்டன் செல் மாற்றுவதிலும் பெல்ட் மாற்றுவதிலும். ஆனால், எப்போதாவது ஒருவர் மஞ்சப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய பழைய எச்.எம்.டி. வாட்ச்சை எடுத்து வைப்பார்.

“எங்க அப்பாரு கட்டியிருந்ததுங்க. ஓட வெக்க முடியுங்களா?”

கொங்குப் பக்கம் அப்பாரு என்றால் தாத்தா. வாட்ச்சின் விலையைவிட அந்த ஒரு சொல்லுக்கு மதிப்பு அதிகம். திறந்து பார்த்தால் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கும். அல்லது எப்போதோ கீழே விழுந்ததில் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முறிந்திருக்கும். வேலை தெரிந்த கைக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால், மாற்றிப்போடப் பாகம் வேண்டுமே... அது எங்கே கிடைக்கும்?

கடையில் இல்லை, ஏன்?

1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. பிறகு ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் என்று விரிந்தது. ஜனதா, பைலட், கோஹினூர், சோனா... கல்யாணத்தில் மாப்பிள்ளை கைக்கு வாட்ச் என்றாலே எச்.எம்.டி.தான் என்றிருந்த காலம் அது.

காற்று மாறியது. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ நிறுவனம், செல்லில் ஓடும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூர் தொழிற்சாலையிலிருந்து குவார்ட்ஸை நம் வீடுகளுக்கு அனுப்பியது. தினமும் சாவி கொடுக்கும் வாட்ச் பீரோவுக்குள் போனது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

தொழிற்சாலை போனதும் புதுப் பாகங்களின் வரத்தும் நின்றது. இருக்கும் பழைய இருப்பு கரையக் கரைய, ஒரு வாட்ச்சைப் பிழைக்கவைக்க இன்னொரு வாட்ச்சைப் பிரித்தாக வேண்டும். அப்படிப் பிரிப்பதற்கான வாட்ச் கிடைக்கும் இடம், பழைய சாமான் சந்தை.

ஞாயிறு காலை, உக்கடம்

ஆனைமலையிலிருந்து பொள்ளாச்சி சுமார் 15 கிலோமீட்டர். அங்கிருந்து கோவை ஏறக்குறைய 40. கிணத்துக்கடவு, ஒத்தக்கால்மண்டபம், ஈச்சனாரி பிள்ளையார், சுந்தராபுரம், குறிச்சிக் குளம் என்று வரிசையாகத் தாண்டினால் உக்கடம் வந்துவிடும். முதல் பஸ்ஸைப் பிடிப்பது நல்லது. சந்தையில் நல்ல சரக்கு வெயில் ஏறும்வரை காத்திருக்காது.

தரையில் விரித்த தார்ப்பாயில் பழைய மிக்ஸி, சார்ஜர், சைக்கிள் பாகங்கள், ஸ்பேனர், பூட்டு என்று எல்லாம் கலந்து கிடக்கும். கடிகாரத்துக்கென்று தனிக் கடையைத் தேடினால் ஏமாற்றம்தான். ஏதோ ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் அடியில், அறுந்த பெல்ட்டுகளோடு நாலைந்து வாட்ச் கிடக்கும்.

“இது ஓடுங்களாண்ணா?”

“ஓடுனா நானே கட்டிக்க மாட்டனுங்களா?”

சிரித்துக்கொண்டே தொடங்கும் பேரம், பெரும்பாலும் “டப்பாவோட எவ்ளோங்க?” என்பதில் முடியும். பாகம் தேடுபவருக்கு ஓடாத வாட்ச்சே போதும். ஓடாததற்கு விலையும் குறைவு.

ஆனால், எது ஓடவில்லை என்பதைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். சாவியைத் திருகும்போது விரலுக்கு மெல்ல இறுக்கம் தெரிந்தால், மெயின் ஸ்பிரிங் அறுபடவில்லை என்று நம்பலாம். பின்மூடியைத் திறந்து லேசாக அசைத்ததும் பேலன்ஸ் சக்கரம் தாராளமாக ஊசலாடினால், அதன் அச்சும், தலைமுடி போன்ற ஹேர் ஸ்பிரிங்கும் நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு. எச்.எம்.டி. ஜனதா போன்ற வாட்ச்சில் அந்தச் சக்கரம் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு 5 துடிப்பு போட வேண்டும். முறிந்த அச்சோடு அது நடக்காது.

அடுத்து, எண். வாட்ச் இயந்திரத்தின் தகட்டில், பெரும்பாலும் பேலன்ஸ் சக்கரத்துக்கு அருகே, அந்த இயந்திரத்தின் மாடல் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஜனதாவில் 0231 என்று இருப்பதைப் பார்க்கலாம். டயலில் என்ன பெயர் இருந்தாலும், பாகம் பொருந்துமா என்று முடிவுசெய்வது இந்த எண்தான். டயல் மங்கியிருக்கலாம், கண்ணாடி உடைந்திருக்கலாம், முள் இல்லாமலே இருக்கலாம், கவலையில்லை. சாவிக் கம்பியைச் சுற்றித் துரு பிடித்திருந்தால் மட்டும் அந்த வாட்ச்சை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

கருவிகளும் உண்டு

கோவை, பட்டறைகளின் ஊர். 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் தயாரித்துக் காட்டிய நகரம். அதனால் இங்கே பழைய கருவிகளுக்குப் பஞ்சமில்லை. லேத் பட்டறைக்காரர் கழித்த சின்ன வைஸ், நுண்ணிய அரம், கைத்துரப்பணம் எல்லாம் கடிகார மேஜைக்கும் உதவும்.

சாமணம் வாங்கினால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இரண்டு முனையும் இடைவெளி இல்லாமல் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சின்ன ஸ்க்ரூவைத் தொட்டு எடுக்கும்போது அது ஒட்டிக்கொண்டே வந்தால், சாமணத்தில் காந்தம் ஏறியிருக்கிறது. அதை அப்படியே பயன்படுத்தினால் ஹேர் ஸ்பிரிங்குக்கும் காந்தம் ஏறி, வாட்ச் தாறுமாறாக ஓடும். காந்தம் நீக்கியபின்தான் அதைத் தொடலாம். சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் நகரில் 1791-ல் தொடங்கிய பெர்ஜியான் நிறுவனத்தின் ஸ்க்ரூ டிரைவர் டப்பாவில் தென்பட்டால் அது அதிர்ஷ்டம். முனை மழுங்கியிருந்தாலும் தீட்டிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. களவு போன பொருளுக்கு நியாயம் கேட்டு, மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசும் ஊர் ஆனைமலை. பளபளவென்று ஓடுகிற விலையுயர்ந்த வாட்ச் அடிமாட்டு விலைக்கு வந்தால், எங்கிருந்து வந்தது என்று கேட்பதும், பதில் சரியில்லை என்றால் விலகுவதும் நல்லது. இன்னொருவர் வீட்டுக் கண்ணீரை எதற்கு வாங்கி வர வேண்டும்?

போட்டிக்கு வரும் வண்ண டயல்கள்

பாகங்கள் அருகிவருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய இயந்திரங்களைத் திரட்டி, டயலுக்குப் புதுச் சாயம் பூசி, பழைய வாட்ச் என்று இணையத்தில் விற்கிறார்கள். வாங்குவோரில் வெளிநாட்டவரும் அதிகம். சேகரிப்பாளர்கள் இவற்றை ‘மும்பை ஸ்பெஷல்’ என்று கிண்டல் செய்வது வழக்கம். அப்பாருவின் வாட்ச்சுக்கு உயிர் கொடுத்திருக்க வேண்டிய பாகம், கலர் கலராக விமானம் ஏறிவிடுகிறது.

அதனால், தேடுபவர்கள் உக்கடத்தோடு நிற்பதில்லை. பெண்டுலம் வைத்த சுவர்க் கடிகாரம் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கிய ஜெர்மன், அமெரிக்கக் கடிகாரங்கள் அங்கே தொங்கும். எச்.எம்.டி. பிறந்த பெங்களூரில் பி.வி.கே. ஐயங்கார் சாலையின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. இன்னும் தூரம் போக முடிந்தால் மும்பை சோர் பஜார்.

ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் ஃபுர்ட்வாங்கன் என்ற சிற்றூர் இருக்கிறது. கடிகார அருங்காட்சியகம் உள்ள அந்த ஊரில், ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியில் பழைய கடிகாரங்களுக்கென்றே சந்தை கூடுகிறது. அங்கே மேஜை போட்டு வாட்ச், பாகம், கருவி எல்லாம் விற்கிறார்கள். நம்மூரில் தார்ப்பாயும் பிளாஸ்டிக் டப்பாவும். குனிந்து தேடும் கண்கள் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

உங்கள் பீரோவில் இருக்கிறதா?

ஓடாத சாவி வாட்ச் வீட்டில் கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வேண்டாம் என்றால், பக்கத்து வாட்ச் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அதன் ஒரு சக்கரம் வேறு யாரோ ஒருவருடைய தாத்தாவின் வாட்ச்சில் ஓடும்.

வைத்துக்கொள்வதாக இருந்தால், நீண்ட நாள் சும்மா கிடந்ததை உடனே சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டாம். எண்ணெய் காய்ந்திருக்கும், தேய்மானம் கூடும். ஒருமுறை கழுவி எண்ணெய் போட்டு வாங்குங்கள். பிறகு தினமும் காலையில் ஒரே நேரத்தில், இறுகும்வரை மட்டும் சாவி கொடுங்கள். பாத்திரம் கழுவும்போது கழற்றி வையுங்கள். ரிப்பேர் கடைக்காரர் “ஒரு வாரம் ஆகுமுங்க” என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உக்கடம் போய்வர வேண்டியிருக்கலாம்.